கத்திரிப்பூ நிற டி-ஷர்ட்டும் சித்தன்னவாசல் மழையும்

என் கடையின் பெயரை எதிலாவது அச்சடித்துப் பார்த்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. பில் புத்தகமோ, பேனாவோ, பிளாஸ்டிக் வாளியோ, எதுவானாலும் சரி, அப்படியே வாயைப் பிளந்து நின்றுவிடுவேன். இந்த ஒரு பலவீனம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நூற்று முப்பது மனிதர்களைக் கத்திரிக்காய் நிறத்துக்கு மாற்றியிருக்க மாட்டேன்.

அன்னவாசலில் நாங்கள் பெயிண்ட் கடை வைத்திருக்கிறோம். செங்கமலம் பெயிண்ட்ஸ். செங்கமலம் என் அம்மா பெயர். (மாமியார் பெயரை ஏன் வைக்கவில்லை என்று கேட்காதீர்கள், அந்த வழக்கு இன்னும் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது.) என் கணவர் முருகேசன் பதினோரு வருடம் துபாயில் பெயிண்டராக இருந்தவர். நாற்பது மாடிக் கட்டடத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவருக்கு வண்ணம் அடித்தவர். ஊர் திரும்பியதும் இருவரும் சேர்ந்து கடை போட்டோம். பெயிண்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. எனக்குத் தெரிந்தது பி.காம். அதனால் வண்ணம் கலப்பது, பெயிண்டர்களிடம் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. மார்க்கெட்டிங் என் பொறுப்பு. அந்த இலாகாவை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

அப்போது நான் செல்போனில் வியாபார வீடியோ பார்க்க ஆரம்பித்திருந்தேன். கோட்டு போட்ட ஒருவர் வருவார். "உங்கள் வாடிக்கையாளர்தான் உங்கள் நடமாடும் விளம்பரப் பலகை" என்பார். அதைக் கேட்டபோது நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கொத்தவரங்காய் நறுக்கினாலும் கண்ணீர் வரும் என்பதை அன்றுதான் பார்த்தேன். எவ்வளவு பெரிய விஷயம், நாம் இத்தனை நாளாக வாடிக்கையாளர்களைச் சும்மா நடக்க விட்டிருக்கிறோமே என்று மனசு பதறியது.

முதலில் பெயிண்ட் வாளி வடிவத்தில் சாவிக்கொத்து அடித்தேன். அடுத்தது பெயிண்டர்களுக்குத் தொப்பி. அதற்கடுத்தது துணிப்பை. ஒருநாள் இலுப்பூர் போயிருந்தபோது சந்தையில் ஒரு அம்மா எங்கள் பையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் தோளில் என் அம்மா பெயர் ஆடி ஆடிப் போகிறது. என்னை அறியாமல் இரண்டு தெரு அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் திரும்பி, "என்னம்மா வேணும் ஒனக்கு?" என்றார். பை நன்றாக இருக்கிறது என்றேன். "சும்மா குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். எனக்கு அது போதும். அன்று முழுவதும் எனக்குப் பசியே எடுக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா டீச்சர் கடைக்கு வந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. அவர் கடைவீதியில் நடந்தால், படித்து முடித்து மீசை நரைத்தவர்கள்கூடச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். காலையில் நடக்கிறவர்களைச் சேர்த்து ஒரு குழு வைத்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை அந்தக் குழு அன்னவாசலிலிருந்து சித்தன்னவாசல் குகைக்கோயில் வரை நடந்துபோய், ஓவியங்களைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்பும். நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்து உதவ முடியுமா என்று கேட்கத்தான் வந்தார்.

இன்னொரு விஷயமும் ஊருக்கே தெரியும். அவருடைய பள்ளிக்கு மூன்று மாடிப் புதுக் கட்டடம் எழும்பி, பூச்சு வேலை முடிந்து, வண்ணம் அடிக்கக் காத்திருந்தது. எந்தக் கடையில் வாங்குவது என்பது டீச்சர் கையில்தான் இருந்தது. கடை தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியும் எங்களுக்குச் சில்லறை வேலைதான் வந்துகொண்டிருந்தது. இந்த ஒரு வேலை வந்துவிட்டால் கடை காலூன்றிவிடும். வராவிட்டால் என் கணவர் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். அதை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் அவருடைய பாஸ்போர்ட் புதுப்பித்து வந்து பீரோவில் இருந்தது.

நான் டீச்சரிடம், தண்ணீர் பாட்டில் என்ன டீச்சர், எல்லோருக்கும் டி-ஷர்ட்டே போட்டுவிடலாம் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டு ஒத்துக்கொண்டார்.

கடைப் பலகையின் நிறமான கத்திரிப்பூ நிறத்தையே தேர்ந்தெடுத்தேன். முன்பக்கம் நெஞ்சில் சின்னதாகக் கடைப் பெயர். பின்பக்கம் முதுகு முழுக்க, பத்தடி தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி, நானே யோசித்து எழுதிய வாசகம்: "மழைக்கும் மங்காது, வெயிலுக்கும் வெளுக்காது!" இதை எழுதி முடித்ததும் நானே எழுந்து நின்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது.

துணியை வாட்ஸ்அப்பில் ஒருவரிடம் ஆர்டர் செய்தேன். அவர் அனுப்பிய படத்தைக் கணவரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. துணியைத் தொட்டுப் பார்த்தாயா என்று கேட்டார். படத்திலேயே நன்றாக இருக்கிறதே என்றேன்.

"வந்ததும் ஒண்ண நனைச்சுப் பாரு. எந்தக் கலரா இருந்தாலும் ஒரு ஓரத்துல அடிச்சுப் பாத்துட்டுத்தான் முழுசா அடிக்கணும்."

"அது செவுருக்குங்க. இது சட்டை" என்றேன் நான். (பி.காம்.)

அவர் சுவருக்குப் புட்டி பூசுவதுபோல அளவாகத்தான் பேசுவார். ஒரு இடத்தில் இரண்டு தடவை பூச மாட்டார்.

பெட்டிகள் வெள்ளிக்கிழமை வந்தன. நூற்றைம்பது டி-ஷர்ட். கடையில் அடுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், ஒரு சுவரே எழும்பி நின்றது போலிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, தடவி, மறுபடி மடித்தேன். முடிக்கும்போது உள்ளங்கை இரண்டும் லேசாக ஊதாவாக இருந்தன. புதுத் துணி என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை. அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. மருதாணி மாதிரி அழகாக இருக்கிறது என்று என் மகள் கயலிடம் கையைக் காட்டினேன்.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு எல்லோரும் கூடினார்கள். வங்கி ஊழியர்கள், விவசாயிகள், மளிகைக்கடைக்காரர், விடுமுறைக்கு வந்திருந்த சிங்கப்பூர் ஆட்கள், ஆசிரியர்கள். பெண்கள் சேலைமேலேயே டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டார்கள். ஸ்டெல்லா டீச்சரும் சந்தன நிறப் பட்டுச்சேலைமேல் அதைப் போட்டு, முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நடையை முடித்துவிட்டு அப்படியே மாதா கோயிலுக்குப் போவதாகத் திட்டமாம், அதனால்தான் பட்டு.

என் கணவர் மட்டும் டி-ஷர்ட் போடவில்லை. பின்னால் லோடு ஆட்டோவில் வெண்பொங்கல் அண்டாவைக் கொண்டுவர வேண்டும், அழுக்காகிவிடும் என்று சொல்லி, பழைய வெள்ளைச் சட்டையோடு நின்றார். எனக்குக் கோபம்தான். சொந்தக் கடைச் சட்டையை முதலாளியே போடவில்லை என்றால் ஊர் என்ன நினைக்கும்?

ஊர்வலம் கிளம்பியது. நான் முன்னால் ஓடி, சாலையோரப் பாலத்துக் கட்டைமேல் ஏறி நின்று செல்போனில் படம் எடுத்தேன். அந்தக் காட்சியை இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் ஈரமான செம்மண், பனைமரங்கள், தூரத்தில் வெளிறிய பாறைக் குன்று. நடுவில் நூற்று முப்பது கத்திரிப்பூ முதுகுகள் அசைந்து அசைந்து போகின்றன. ஒவ்வொரு முதுகிலும் நான் எழுதிய வரி. ஒரு டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.  இந்த உலகத்தில் நான் பிறந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது என்று நினைத்தேன். (உண்மையாகவே நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.)

மேற்கே கருத்திருந்தது. நான் கவலைப்படவில்லை. எங்கள் பக்கத்து மழை, பத்திரிகை வைத்து நேரில் போய் அழைத்தாலும் வராத பங்காளி. அன்றைக்கு மட்டும் அழைக்காமலே, சுற்றம் எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது.

நாங்கள் குன்றின் அடியில் நுழைவுச்சீட்டு வாங்கி, படியேறி, குகைக்கோயிலுக்கு முன்னால் நின்றிருந்தோம். பத்துப் பத்துப் பேராகத்தான் உள்ளே விடுவேன் என்று அங்கிருந்த தொல்லியல் துறைக் காவலர் சொல்லியிருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் விசில், நிதானமான பேச்சு. முதல் பத்துப் பேரை அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மழை இறங்கியது. தூறல் எதுவும் இல்லை. வாளியைக் கவிழ்த்த மாதிரி ஒரே ஊற்று. மொட்டைப் பாறை, ஒதுங்க மரம் இல்லை. எல்லோரும் கத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் தலையை மறைத்தார்கள்.

அப்போது பாறைமேல் ஊதா நிறத்தில் ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தேன்.

யாரோ குளிர்பானத்தைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் இன்னொரு கோடு வந்து சேர்ந்தது. அப்புறம் மூன்று, நான்கு. அந்த வெளிறிய பெரிய பாறை முழுக்க ஊதா நரம்புகள் ஓடி, ஒன்றோடு ஒன்று கலந்து, சரிவில் சின்னச் சின்ன அருவியாக விழுந்தன. உண்மையைச் சொன்னால் அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு நொடி எல்லாவற்றையும் மறந்து நின்று பார்த்தேன். அடுத்த நொடி என் கையைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து ஊதா வடிந்துகொண்டிருந்தது. திரும்பி ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தேன். சந்தனப் பட்டில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஊதா இறங்கிக்கொண்டிருந்தது. வங்கி மேலாளரின் வழுக்கைத் தலை, தலைக்குமேல் இழுத்துப்போட்ட டி-ஷர்ட் தயவில், கனிந்த நாவற்பழம் மாதிரி பளபளத்தது.

ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் ஒரே பக்கமாக ஓட ஆரம்பித்தார்கள். அங்கே ஒதுங்க இருந்த ஒரே இடம் குகைக்கோயில்தான்.

காவலர் கையை விரித்து மறித்தார். செவுத்துல சாயாதீங்க, தூணத் தொடாதீங்க என்று கத்தினார். மழைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. விசில் ஊதினார், விசிலுக்குள் தண்ணீர் போய்விட்டது. உள்ளே ஆயிரம் வருடத்துக்கும் மேலான ஓவியம். நுழைந்ததும் இருக்கும் தூண்களில்கூட வரைந்திருக்கிறார்கள். முட்டி மோதிக்கொண்டு உள்ளே நுழைகிற கூட்டத்தில் ஒரு ஈரத் தோள் உரசினால் போதும். அத்தனை காலம் யார் யாரிடமிருந்தோ தப்பிப் பிழைத்தது, அன்னவாசல் செங்கமலம் பெயிண்ட்ஸ் வந்து முடித்துவைத்ததாக ஆகிவிடும்.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. படியில் வழுக்கி, முட்டி சிராய்த்து, எழுந்து, வாசலுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். என் வாடிக்கையாளர்கள், வரப்போகிற வாடிக்கையாளர்கள், பள்ளிக்கூட மூன்று மாடி, எல்லாம் எனக்கு எதிரே ஓடி வந்துகொண்டிருந்தது.

"யாரும் உள்ள வராதீங்க. இது சாயம் போகுது. என் டி-ஷர்ட்டு சாயம் போகுது" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

முன்னால் வந்தவர்கள் சட்டென்று நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் மோதி நின்றார்கள். கத்தியது புரியாதவர்களுக்காக மறுபடியும் கத்தினேன். கூட்டம் முதன்முறையாகத் தன்னைத்தானே குனிந்து பார்த்துக்கொண்டது. ஒரு விநாடி மழைச் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. அந்த அமைதியில், எனக்குப் பின்னால் நின்ற காவலர் என் முதுகைப் பார்த்து நிதானமாக, இரண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"மழைக்கும்... மங்காது..."

கூட்டத்தில் யாரோ ஒருவர் பொத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை இறக்காமல் நின்றேன். அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. முகத்தில் வடிந்தது எல்லாமே ஊதாவாக இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஸ்டெல்லா டீச்சர் சிரிக்கவில்லை. காலை வணக்கக் கூட்டத்தில் பேசுகிற குரலில், "லைன்ல நில்லுங்க. அந்தப் பாறைகிட்ட போயி, வரிசையா" என்றார். நூற்று முப்பது பேரும் திரும்பிப்போய்க் கொட்டும் மழையில் வரிசையாக நின்றார்கள். அரைமணி நேரம். ஒருவர்கூடக் குகைப் பக்கம் வரவில்லை. வயதானவர்கள் இருந்தார்கள், குளிரில் பல் கிட்டியது, ஆனாலும் நின்றார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம் தீரவில்லை. அவர்களைவிட நல்ல கூட்டத்தை என்னால் நாசம் செய்திருக்கவே முடியாது.

லோடு ஆட்டோ கீழே வந்து நின்றது. என் கணவர் தலையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படியேறி வந்தார். வரிசையைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'ஒண்ண நனைச்சுப் பாருன்னு சொன்னேனே' என்ற ஒரு வாக்கியத்தை அவர் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் சொன்னது, "பொங்கல் சூடா இருக்கு" என்பதுதான்.

அங்கே ஊதா ஆகாத ஒரே ஆள் அவர் என்பதால் காவலர் அவரை மட்டும் உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார். தார்ப்பாயை வெளியே போட்டுவிட்டு, காலைத் துடைத்துவிட்டுப் போனார். போனவர் வரவில்லை. மழை விட்டது. பெண்கள் சேலையைப் பிழிந்தார்கள், சட்டையைக் கழற்றிய ஆண்கள் உள்ளேயும் அதே நிறத்தில் இருந்தார்கள், எல்லோரும் பொங்கல் சாப்பிட ஆரம்பித்தார்கள். அப்போதும் அவர் வரவில்லை. நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். அண்ணாந்தபடி அசையாமல் நின்றிருந்தார். கழுத்து வலிக்காதா என்று நினைத்தேன். பதினோரு வருடம் அப்படி நின்று வேலை செய்த கழுத்து.

அவர் காவலரிடம் கேட்டது எனக்கு வெளியே கேட்டது. "அண்ணே, இதுக்கு அடியில என்ன ப்ரைமர் அடிச்சிருப்பாங்க?"

காவலருக்கு இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவர் முகமே மலர்ந்துவிட்டது. சுண்ணாம்புப் பூச்சைப் பற்றி, மூலிகை, மண், கல் இவற்றிலிருந்து எடுத்த நிறங்களைப் பற்றி ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, இந்த அக்காவும் வரட்டும், வேறு சட்டை இருந்தால் மாற்றிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரட்டும் என்றார்.

ஆட்டோவில் என் கணவரின் வேலைச் சட்டை கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு, கைகளைத் துண்டால் பின்னால் கட்டச் சொல்லி, போலீஸ் பிடித்துப் போகிற ஆள் மாதிரி உள்ளே நுழைந்தேன். அன்னவாசலிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். பள்ளிச் சுற்றுலாவில் இரண்டு முறை வந்திருக்கிறேன். ஒருமுறைகூட ஒழுங்காக அண்ணாந்து பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேலே ஒரு குளம் இருந்தது. தாமரை இலையும் மொட்டும் பூவும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற குளம். இடையில் மீன்கள், பறவைகள், ஒரு யானை, எருமைகள். தண்ணீருக்குள் இறங்கி நின்று ஒருவர் பூப்பறிக்கிறார். சில இடங்களில் உதிர்ந்திருக்கிறது, சில இடங்களில் நிழலாக மட்டும் இருக்கிறது. இருக்கிற இடத்தில் அந்தப் பச்சையும் சிவப்பும் இப்போது வைத்தது போல இருக்கின்றன. ஆயிரம் மழை, ஆயிரம் வெயில். என் வண்ணம் அரைமணி நேரம் தாங்கவில்லை.

நான் பழக்கதோஷத்தில் ஓரத்தையெல்லாம் பார்த்தேன். என்ன தேடுகிறாய் என்று கணவர் கேட்டார். வரைந்தவர் பெயரைத் தேடுகிறேன் என்றேன். கோயிலைப் பிற்பாடு சரிசெய்தவர் பெயர் வெளியே கல்லில் வெட்டியிருக்கிறது, வரைந்தவர் பெயர் எங்கேயும் இல்லை என்று காவலர் சொன்னார்.  இவ்வளவு பெரிய வேலையைச் செய்துவிட்டு, ஒரு மூலையில்கூடப் பெயர் போடாமல், இறங்கிக் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சாவிக்கொத்துகூட அடிக்கவில்லை.

உள்ளறையில் நின்று மெதுவாக ஓங்காரம் சொன்னால் அறை முழுக்க அதிரும், கேளுங்கள் என்றார் காவலர். நான் மூச்சை இழுத்தேன். நனைந்த உடம்பு, தும்மல் வந்துவிட்டது. அந்த அறை என் தும்மலை வாங்கி, பெரிதாக்கி, மலையே தும்முவதுபோலத் திருப்பிக் கொடுத்தது. வெளியே பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இடி என்று நினைத்து எழுந்துவிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் டி-ஷர்ட் அனுப்பியவரைத் திட்டுவதற்காக வாட்ஸ்அப்பைத் திறந்தேன். படங்களுக்குக் கீழே அவர் அனுப்பியிருந்த செய்தி படிக்கப்படாமல் இருந்தது. 'கையால் போட்ட சாயம் மேடம். முதலில் உப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து அலசிவிட்டுக் கொடுக்கவும்.' பார்சல் அனுப்பிய அன்றே அனுப்பியிருக்கிறார். நான் படம் பார்ப்பதிலேயே மும்முரமாக இருந்திருக்கிறேன். அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனை மூடினேன்.

துணியில் நிற்காத அந்தச் சாயம் தோலில் மட்டும் அசையாமல் நின்றது. ஒரு வாரம். வங்கி கவுண்டரில் ஊதாக் கழுத்து, மளிகைக்கடையில் ஊதாக் காது, பேருந்தில் கம்பியைப் பிடித்த ஊதாக் கைகள். பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்க, அத்தனை பேரும் கடைப் பெயரோடு சேர்த்து விலாவாரியாகச் சொன்னார்கள். கோட்டு போட்டவர் சொன்ன நடமாடும் விளம்பரப் பலகை இப்படித்தான் எனக்கு அமைந்தது. கடைக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் வந்தார்கள், பெயிண்டைக் கரைக்கிற தின்னர் வாங்க. என் கணவர் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அதை உடம்பில் போடக்கூடாது, தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நான் புட்டி மூட்டைகளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

புதன்கிழமை அந்தக் குரல் கேட்டது.

"அமுதா, இங்கிட்டு வா. ஒளிஞ்சிருக்கது தெரியுது."

மூட்டைகளைத் தாண்டி வந்தேன். ஸ்டெல்லா டீச்சரின் இரண்டு கைகளும் முழங்கை வரை ஊதாவாக இருந்தன. அன்றைக்கு அப்படியே மாதா கோயிலுக்கும் போயிருக்கிறார். சேலையை நான் வாங்கித் தந்துவிடுகிறேன் டீச்சர் என்று ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார்.

"சேலை கெடக்குது. நான் ஸ்கூலுக்குக் கலர் பாக்க வந்தேன்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. என் கணவர் கையிலிருந்த ரோலரைக் கீழே வைத்தார்.

"அம்புட்டுப் பேரு முன்னால என் சரக்கு சாயம் போகுதுன்னு கத்துனியே, அது போதும் எனக்கு. ஆனா ஒரு கண்டிஷன். ஒன் வீட்டுக்காரரு ஒவ்வொரு கலரையும் செவுத்துல அடிச்சு, காயவச்சு, தண்ணி ஊத்திக் காட்டணும். நான் நின்னு பாப்பேன்." கடை வாசல் வரை போனவர் திரும்பினார். "அந்தக் கலரு மட்டும் வேணாம்."

அப்படியே நடந்தது. என் கணவர் பள்ளிச் சுவரில் பட்டை பட்டையாக அடித்து, இரண்டு நாள் காயவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். முழுப் பள்ளியும் சுற்றி நின்று பார்த்தது. ஒவ்வொரு குடத்துக்கும் கைதட்டல். டீச்சர் கைக்குட்டையால் சுவரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பாஸ்போர்ட் பீரோவிலேயே இருக்கிறது, அதில் இன்னும் ஒரு முத்திரைகூட விழவில்லை.

கொடுத்தது போக மீதி இருந்த இருபது டி-ஷர்ட்டைக் கண்ணில் படாமல் ஒழிக்க நினைத்தேன். துபாயில் என் கணவரோடு இருந்த நண்பர், கடற்கரை ஊரான மீமிசல்காரர், படகு வேலைக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருடம் கழித்து அவர் வீட்டு விசேஷத்துக்காக மீமிசல் போனோம். காலையில் மீன் இறங்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். வெயில் கடலில் பட்டுக் கண் கூசியது. படகிலிருந்து கூடை கூடையாக மீன் இறக்குகிற ஆட்களில் பத்துப் பன்னிரண்டு பேர் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தார்கள். மழைக்கும் மங்காது, வெயிலுக்கும் வெளுக்காது. கடல் தண்ணீரில் ஊறி ஊறி நிறம் கல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் எழுதிய வரி, நான் எழுதிய அர்த்தத்திலேயே, எங்கள் கடையிலிருந்து அத்தனை தூரத்தில், ஒருநாளும் எங்களிடம் பெயிண்ட் வாங்கப் போகாத முதுகுகளில் மின்னிக்கொண்டிருந்தது. ஒருவரிடம் துணி எப்படி என்று மெதுவாகக் கேட்டேன்.

"நல்ல துணிக்கா. சாயமே போக மாட்டேங்குது" என்றார். செங்கமலம் என்பது ஏதோ படகின் பெயர் என்று நினைத்திருந்தார்.

இப்போது கடை நன்றாக நடக்கிறது. டி-ஷர்ட் அடிப்பதை விட்டுவிட்டேன். மழை பிடித்தால் போதும், வீட்டு வாசலில் யாராவது ஒருவர் "உள்ள வராதீங்க" என்று கையை விரித்து நிற்பதும் மற்றவர்கள் விழுந்து சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது. மாமியார்கூடச் செய்கிறார்.

போன மாதம் நானும் கயலும் புதுக்கோட்டையிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். கண்டக்டர் வழித்தடத்துக்குப் புதிது, வெளியூர்க்காரர். செங்கமலம் பெயிண்ட்ஸில் நிறுத்துங்கள் என்று சொல்லி டிக்கெட் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அப்படி ஒரு ஸ்டாப்பே கிடையாது என்றார். எட்டு வருடமாக அங்கேதான் கடை வைத்திருக்கிறோம் என்று நான் வாதாடினேன். அவர் மற்ற பயணிகளைப் பார்த்தார். அவர்களும் தெரியாத மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். கயல் என் முந்தானையை இழுத்துவிட்டு, அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"சாயக்கடைங்க."

"அட, சாயக்கடையா. அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானக்கா" என்று இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார்.